“சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?”: வாசகரைச் செயலுக்கு அழைக்கும் வரியை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், இணையவழி ஓவிய வகுப்பு ஒன்றுக்காக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. பென்சிலைக் கையில் எடுக்கவே தயங்குகிறவர்கள்கூட முதல் மாதத்திலேயே ஒரு முகத்தை வரைந்துவிடலாம் என்பதை நம்பும்படி சொல்லியிருந்தேன். அனுப்பிய அன்று மாலையே, பட்டியலில் இருந்த ஒருவரிடமிருந்து பதில் வந்தது: “படிச்சேன், ரொம்ப நல்லா இருந்துச்சு. சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?”

மின்னஞ்சலைத் திரும்பத் திறந்து பார்த்தேன். கடைசி வரி இப்படி முடிந்திருந்தது: “மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்.” யாரைத் தொடர்பு கொள்வது, எப்படி, கொண்டால் என்ன நடக்கும் என்று ஒன்றுமே அதில் இல்லை. இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கேட்காமல் மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ.

மார்க்கெட்டிங் வேலையில் இந்த வரியை ‘கால் டு ஆக்‌ஷன்’ என்பார்கள், சுருக்கமாக சிடிஏ. அது ஒரு பொத்தானில் இருக்கும் இரண்டு சொல்லாக இருக்கலாம், மின்னஞ்சலின் கடைசி வாக்கியமாக இருக்கலாம், காணொலியின் முடிவில் பேசும் பத்து வினாடியாகவும் இருக்கலாம். நன்றாக உரக்கச் சொன்னால் வேலை நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் பெரிய எழுத்து, சிவப்பு நிறம், மூன்று ஆச்சரியக்குறி எல்லாம் வருகின்றன. நான் பார்த்தவரையில், கடைசி வரிவரை வந்துவிட்ட வாசகருக்கு ஆசை ஏற்கெனவே வந்துவிட்டது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதில்தான் அவர் தடுமாறுகிறார்.

இதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல சாட்சி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் மாணவர்களிடம் டெட்டனஸ் நோய் பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். ஆய்வு 1965இல் வெளியானது. சில கையேடுகள் படங்களோடு நன்றாகவே பயமுறுத்தின, சில மிதமாகப் பேசின. பயமுறுத்தும் கையேட்டைப் படித்தவர்கள் தடுப்பூசி அவசியம் என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் பயம் மட்டும் அவர்களை எழுந்து போக வைக்கவில்லை. வேறு சிலருக்குக் கையேட்டோடு ஒரு வரைபடம் கிடைத்தது. அதில் மருத்துவ மையம் குறிக்கப்பட்டிருந்தது, ஊசி போடும் நேரம் இருந்தது, எப்போது போகலாம் என்று யோசித்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பும் இருந்தது. இவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். வரைபடம் கிடைக்காதவர்களில் சுமார் 3 சதவீதம்தான். இத்தனைக்கும் எல்லோருமே அந்த வளாகத்தில் படிக்கிறவர்கள்.

ஒரு நல்ல சிடிஏ அந்த வரைபடத்தைப் போல இருக்க வேண்டும். எழுதும் முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

கட்டுரையோ மின்னஞ்சலோ தொடங்கும் முன்பே ஒரு தாளில் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: “இதைப் படித்து முடித்தவர் ______ செய்ய வேண்டும்.” கோடிட்ட இடத்தில் ஒரே ஒரு வினைதான் வரலாம். ‘எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்’, ‘நம்பிக்கை வர வேண்டும்’ எல்லாம் இங்கே செல்லாது. அவை மனசுக்குள் நடப்பவை. விரலால் செய்யக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும்: ஒரு காணொலியைப் பார்ப்பது, பெயரைப் பதிவு செய்வது, பதில் எழுதுவது.

இரண்டு வினை வந்துவிட்டால் இரண்டு மின்னஞ்சல் தேவை என்று அர்த்தம். “பதிவு செய்யுங்கள், பின்தொடருங்கள், நண்பர்களுக்குப் பகிருங்கள், கருத்தைச் சொல்லுங்கள்” என்று ஒரே மூச்சில் கேட்கும்போது எது முக்கியம் என்று முடிவெடுக்கும் வேலையை வாசகர் தலையில் கட்டுகிறோம். அவர் அந்த வேலையைச் செய்ய மாட்டார். ஒரே செயலை ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் கேட்பதில் தவறில்லை. வெவ்வேறு செயல்களை ஒரே சத்தத்தில் கேட்பதுதான் சிக்கல்.

படி 2: வாசகர் எந்தப் படிக்கட்டில் நிற்கிறார்?

சிடிஏக்கள் தோற்பதற்கு நான் பார்த்த மிகப் பெரிய காரணம் இதுதான்: இரண்டாம் படிக்கட்டில் நிற்பவரை ஏழாம் படிக்கட்டுக்குக் கூப்பிடுவது. இன்றைக்குத்தான் உங்கள் பெயரையே முதன்முதலாகக் கேட்டவரிடம் “இப்போதே வாங்குங்கள்” என்றால் அவர் பின்வாங்குவார். வாங்குவதாக முடிவெடுத்து வந்தவரிடம் “மேலும் அறிக” என்றால் அவரையும் இழப்பீர்கள்.

2007 இறுதியில் பராக் ஒபாமாவின் அதிபர் தேர்தல் பிரச்சாரக் குழு, தன் இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் பக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. பொத்தானுக்கு 4 வாசகங்கள், மேலே வைக்க 6 படங்களும் காணொலிகளும், ஆக 24 சேர்க்கைகள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகையாளர்களுக்கு இவற்றை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஏற்கெனவே பொத்தானில் இருந்தது ‘பதிவு செய்க’ என்ற பொருள் தரும் சொல். வென்றது ‘மேலும் அறிக’, கூடவே ஒபாமா குடும்பத்தின் புகைப்படம். பதிவு செய்தவர்களின் விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமானது. குழுவினர் பெரிதும் நம்பியிருந்த காணொலிகள் புகைப்படங்களிடம் தோற்றன.

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பொத்தானிலும் ‘மேலும் அறிக’ என்று மாற்றிவிடாதீர்கள். அங்கே படமும் சேர்ந்து மாறியது என்பது ஒன்று. அந்தப் பக்கத்துக்கு வந்தவர்களில் பலர் அப்போதுதான் அந்த வேட்பாளரைத் தெரிந்துகொள்ள வந்திருப்பார்கள் என்பது இன்னொன்று. அவர்கள் நின்ற படிக்கட்டுக்கு அந்தச் சொல் பொருந்தியது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு சம்பவம். பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதியது. ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்தில், கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போகிறவர்களை ஒரு படிவம் மறித்தது: கணக்கு இருந்தால் நுழையுங்கள், இல்லையென்றால் ‘பதிவு செய்க’. அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் வருடத்தில் மட்டும் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை என்று ஸ்பூல் கணக்குச் சொல்கிறார். வாங்க வந்தவருக்கு வாங்குவதுதான் அடுத்த படி, உறவு வைத்துக்கொள்வது அல்ல. பழைய பொத்தான் அந்த உறவைத்தான் கேட்டது.

படி 3: வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே தமிழுக்கு இறக்கினால் அவை இந்த இடத்தில்தான் உடைகின்றன.

முதல் விஷயம், ஏவலின் தொனி. ‘பதிவு செய்யவும்’ என்பது அறிவிப்புப் பலகையின் குரல். ‘வரிசையில் நிற்கவும்’ என்று சொல்லும் அதே குரல். ‘பதிவு செய்க’ என்பது கேள்வித்தாளின் குரல், ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ போல. ‘பதிவு செய்யுங்கள்’ என்னும்போதுதான் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசுகிறார். கட்டண ரசீது, விண்ணப்பப் படிவம் போன்ற இடங்களில் பலகைக் குரல் உறுத்தாது. மூன்று பத்தி நட்பாகப் பேசிவிட்டுக் கடைசியில் ‘செய்யவும்’ என்று முடித்தால், பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று சீருடை மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

இரண்டாவது, துணைவினை. தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய வசதி இது. ஆனால் சிடிஏ எழுதுகிறவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. ‘வரையுங்கள்’ என்பதையும் ‘வரைந்து பாருங்கள்’ என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பார்’ சேர்ந்ததும் கட்டாயம் போய்விடுகிறது. வராவிட்டால் விட்டுவிடலாம் என்ற சலுகை உள்ளேயே இருக்கிறது. ‘கொள்’ சேர்ந்தால் பலன் செய்கிறவருக்கே வருகிறது: ‘எடுத்துக்கொள்ளுங்கள்’, ‘சேமித்துக்கொள்ளுங்கள்’. ‘விடு’ சேர்ந்தால் வேலை ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்ற எண்ணம் வருகிறது: ‘இன்றே அனுப்பிவிடுங்கள்’. தயங்கி நிற்பவருக்குப் ‘பார்’, இலவசமாக ஒன்றைத் தரும்போது ‘கொள்’, முடிவெடுத்தும் தள்ளிப்போடுகிறவருக்கு ‘விடு’. நான் எழுதும்போது முதலில் தேடுவது இந்த மூன்றில் எது என்பதைத்தான்.

மூன்றாவது, வினை நிற்கும் இடம். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வரும். கைபேசித் திரையில் இடம் போதாதபோது வெட்டுப்படுவதும் அந்தக் கடைசிதான். “இலவச மாதிரி வகுப்பின் காணொலியை இப்போதே பார்…” என்று பொத்தான் நின்றுவிட்டால் உயிரான சொல்லே போய்விட்டது. எனவே பொத்தானில் இரண்டு, மிஞ்சினால் மூன்று சொல். ‘இலவச’, ‘இப்போதே’ போன்றவற்றை மேல் வரிக்கு ஏற்றிவிட்டு, ‘மாதிரி வகுப்பைப் பாருங்கள்’ என்று மட்டும் வையுங்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரிக்கும் இதே கணக்குதான்.

நான்காவது, யார் குரல் என்பது. ‘என் இடத்தைப் பதிவு செய்’ என்பதுபோல் வாசகரே சொல்வதாகப் பொத்தானை எழுதுவது உண்டு. அது சரிதான், அங்கே வாசகர் இணையதளத்துக்குக் கட்டளையிடுகிறார். ஆனால் மரியாதைக்காக ‘என் இடத்தைப் பதிவு செய்யுங்கள்’ என்று மாற்றியதும் விற்பவருடைய இடத்தை வாசகர் பதிவு செய்ய வேண்டும் என்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘என்’ என்றால் ‘செய்’, ‘உங்கள்’ என்றால் ‘செய்யுங்கள்’. இரண்டையும் கலக்க வேண்டாம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. ‘குழுசேர்’, ‘சமர்ப்பி’ போன்றவை அகராதியைப் பார்த்து மாற்றிய சொற்கள். யாரும் தன் நண்பரிடம் “குழுசேர்ந்துட்டேன்” என்று சொல்வதில்லை. ‘சப்ஸ்கிரைப் செய்யுங்கள்’ என்றால் எல்லோருக்கும் புரியும், ‘வாரம் ஒரு பாடம் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்றால் இன்னும் நல்லது. ‘சமர்ப்பி’யில் வாசகர் கொடுக்கிறார், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று அது சொல்வதில்லை. தமிழ்ப் பற்றுக்காக ஒரு சொல்லை வைக்கிறீர்கள் என்றால், அது தமிழில் பேசுகிறவர் வாயில் வரும் சொல்லாக இருக்கட்டும்.

படி 4: பொத்தானுக்குக் கீழே ஒரு சின்ன வரி

பொத்தானின் மேல் விரல் போகும் கணத்தில் வாசகருக்குச் சில கேள்விகள் எழும். பணம் கேட்பார்களா? எவ்வளவு நேரம் பிடிக்கும்? எண்ணைக் கொடுத்தால் தினமும் அழைப்பார்களா? பிடிக்கவில்லை என்றால் விலக முடியுமா? இவற்றில் எது உங்கள் வாசகரை அதிகம் தடுக்கிறதோ அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லுங்கள். அந்தப் பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன வரிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இரண்டு ஆய்வுகள். ராபர்ட் சியால்டினியும் டேவிட் ஷ்ரோடரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் நிதிக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். வழக்கமான கோரிக்கைக்குக் கொடுத்தவர்கள் சுமார் 29 சதவீதம். “ஒரு பென்னி கொடுத்தாலும் உதவும்” என்ற வரியைச் சேர்த்தபோது 50 சதவீதம். பிரான்சில் நிக்கோலா கெகனும் அலெக்சாந்தர் பாஸ்குவாலும் 2000இல் வெளியிட்டது இன்னொன்று. பேருந்துக் கட்டணத்துக்குச் சில்லறை கேட்கும்போது, ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்று சேர்த்துச் சொன்னார்கள். கொடுத்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 47.5 சதவீதமானார்கள். இரண்டிலும் கேட்டவர் குரலை உயர்த்தவில்லை. முதல் வரி அடியைச் சின்னதாக்கியது, இரண்டாவது வரி கதவைத் திறந்து வைத்தது.

படி 5: அவசரத்தை உண்டாக்காதீர்கள், இருந்தால் சொல்லுங்கள்

வகுப்பில் 20 இடம்தான் என்றால் அதைச் சொல்வது வாசகருக்குச் செய்யும் உதவி. பதிவு வெள்ளி இரவோடு முடிகிறது என்றால் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். ‘சீக்கிரம்’, ‘விரைந்திடுங்கள்’ என்பதைவிட ஒரு தேதி நன்றாக வேலை செய்யும்.

பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும் கடிகாரம் பொய். “வேண்டாம், எனக்கு முன்னேற விருப்பமில்லை” என்று மறுப்புப் பொத்தானில் எழுதுவது ஒருவரை அவமானப்படுத்துவது. இத்தகைய தந்திரங்களுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல். இந்தியாவில் 2023இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகள் பொய் அவசரம், வெட்கப்படுத்துதல் இரண்டையும் பெயர் சொல்லியே தடுக்கின்றன. சட்டம் இல்லாத இடத்திலும் நான் இவற்றை எழுத மாட்டேன். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை உண்மையான கடைசித் தேதியையும் நம்ப மாட்டார்.

படி 6: இடமும் அளவும்

இது வடிவமைப்பாளர் வேலை என்றாலும் எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விரலால் தொடும் பொத்தானுக்கு ஆப்பிள் பரிந்துரைப்பது குறைந்தது 44 புள்ளி, கூகுளின் மெட்டீரியல் டிசைன் சொல்வது 48 அலகு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற விகிதமாவது இருக்க வேண்டும் என்கிறது அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறி. நிறத்தில் மந்திரம் எதுவும் இல்லை, சுற்றியிருப்பவற்றிலிருந்து பொத்தான் தனித்துத் தெரிந்தால் போதும். தமிழில் கொம்பும் விசிறியும் மேலும் கீழும் நீளும் என்பதால், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் அவை வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள்.

திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகர்கள், பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் தனியாகப் பட்டியலிட்டுக் கேட்பதுண்டு. எல்லா இணைப்பும் ‘இங்கே’ என்றிருந்தால் அவருக்குக் கேட்பது “இங்கே, இங்கே, இங்கே, இங்கே”. இணைப்பின் சொல்லே எங்கே போகிறது என்று சொல்லட்டும்.

படி 7: கிளிக்குக்கு அப்புறம்

பொத்தானில் ‘மாதிரி வகுப்பைப் பாருங்கள்’ என்று எழுதிவிட்டு, அழுத்தியதும் பத்துக் கட்டங்கள் உள்ள படிவத்தைக் காட்டினால் அது வாக்குத் தவறியது. பொத்தானில் உள்ள அதே சொற்கள் அடுத்த பக்கத்தின் தலைப்பிலும் இருக்கட்டும். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

படி 8: சோதித்துப் பாருங்கள், ஆனால் எண்களை மதியுங்கள்

இரண்டு வாசகங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் காட்டி ஒப்பிடுவது ஏ/பி சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 5 சதவீதம் பேர் அழுத்தும் பொத்தானை 6 சதவீதமாக்கியிருக்கிறோமா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு வாசகத்தையும் சுமார் 8,000 பேர் பார்த்திருக்க வேண்டும். முந்நூறு பேரிடம் அனுப்பிவிட்டு “இது ஜெயிச்சிடுச்சு” என்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுதான்.

பட்டியல் சின்னது என்றால் வேறு வழி இருக்கிறது. எழுதியதை ஐந்து பேரிடம் கைபேசியில் காட்டி, “படிச்சதும் அடுத்து என்ன செய்யணும்னு தோணுது? எது தடுக்குது?” என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாமல் காத்திருங்கள்.

அந்த ஓவிய வகுப்பு மின்னஞ்சலின் முடிவை நான் அப்படித்தான் திருத்தினேன். திருத்திய வடிவம் இது:

“சனிக்கிழமை காலை 10 மணிக்கு 40 நிமிட மாதிரி வகுப்பு, கட்டணம் இல்லை. ஒரு பென்சிலும் நான்கு வெள்ளைத் தாளும் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.”

பொத்தான்: “வகுப்பில் சேர்ந்து பாருங்கள்”

கீழே: “பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்போம். வகுப்புக்கான இணைப்பு உடனே வந்துவிடும்.”

கடைசி வரியில் ‘உடனே’ முதலில் இல்லை. முன்பு பதில் எழுதிய அதே வாசகருக்குத்தான் இந்த வடிவத்தையும் அனுப்பிக் கேட்டேன். அவர் எழுதினார்: “சேரணும்னு புரியுது. லிங்க் எப்ப வரும்? சனிக்கிழமை காலைலதான் வரும்னா நான் மறந்துடுவேன்.”